மூணு படி தவிடும் ஒரு பெயரும்

ராஜமதி அம்மாவுக்கு நான் தரவேண்டியிருந்தது ஒரு ரூபாய் நாலணாவும் மூணு படி தவிடும். பதிமூணு வருஷம் தரவில்லை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, அந்த அம்மா ஒரு தடவைகூடக் கேட்டதும் கிடையாது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் என் மகள் என் மகள் இல்லை.

எனக்கும் குஞ்சம்மாவுக்கும் முதலில் பிறந்த ரெண்டும் பெண். மூத்தவளுக்குச் சந்திரா என்று பெயர் வைத்தோம். எட்டு மாசம் இருந்தாள். அடுத்தவள் விமலா. வாசல்படி தாண்டக் கற்றுக்கொண்ட வாரத்தில் ஜுரம் வந்து போய்விட்டாள். மூணாவதும் பெண்ணாகப் பிறந்தபோது குஞ்சம்மா அதன் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். "அழகாப் பேர் வெச்சு அழகாக் கூப்பிட்டோம். அவன் காதுல விழுந்துடுச்சு" என்றாள். அவன் என்றால் எமன். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

உயிரோடு நிற்காத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிள்ளையை முறத்தில் போட்டு, தவிட்டை விலையாக வாங்கிக்கொண்டு வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். அதற்கப்புறம் அது வாங்கினவள் பிள்ளை. நாம் வளர்க்கிறோம், அவ்வளவுதான். நம் வீட்டைத் தேடி வருகிறவன் ஏமாந்து போவான். தவிட்டம்மா, குப்பம்மா என்று எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை தேறினதும், வாங்கின விலையை வாங்கினவள் கையிலேயே கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்ட பிறகுதான் நல்ல பெயர்.

அப்போது நாங்கள் தொண்டூரில் இருந்தோம். குஞ்சம்மா களை வெட்டப் போகிற நிலம் ராஜமதி அம்மாவுடையது. அவர்கள் சமணர். சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளையும் இல்லை. "எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது குஞ்சம்மா" என்று முதலில் தட்டிக் கழித்தார். இவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுததும் சரியென்றுவிட்டார். பன்னிரண்டாம் நாள் அவர் வீட்டுத் தோட்டத்து வாசலில் வைத்து, முறத்தோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு மூணு படி தவிடு அளந்து போட்டார். வெறும் தவிட்டுக்கா ஒரு உயிர் என்று அவராகவே ஒரு ரூபாய் நாலணாவும் வைத்தார்.

தவிடு மாட்டுக்குப் போனது. காசு செலவழிக்கிற காசு இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து கூரைக் கழியில் கட்டி வைத்து, மீட்கிற அன்றைக்கு அப்படியே திருப்பித் தரவேண்டியது. கட்டினவன் நான்தான். அந்த வாரம் கூலி வரவில்லை. காசு டீக்கும் பீடிக்கும் போய்விட்டது. குஞ்சம்மாவுக்குத் தெரியாமல், காசு போலத் தட்டுப்படட்டுமென்று ரெண்டு ஓட்டாஞ்சில்லை வைத்து முடிந்து மறுபடி கட்டிவிட்டேன். செஞ்சிக்குக் குடி வந்தபோது அவள் முதலில் எடுத்து வைத்த சாமான் அந்த முடிச்சுதான். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் கற்பூரம் காட்டுவாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மீட்கிற பேச்சு வந்தால், ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்ததற்கும் காரணம் அந்த ஓட்டாஞ்சில்லுதான்.

தவிட்டம்மா நின்றாள். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயரிலேயே சேர்த்தோம். பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

போன வருஷம், அறுபத்து மூணு ஆவணியில், ஒரு வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டு மண்டியில் மூட்டை ஏற்றுவது நின்றுபோனது. நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். நாப்பது வயசுக்கு மேல், மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் கூடுதல் கூலி வருமென்று முதியோர் வகுப்பில் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவன் நான். அதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற பழக்கம். கீழே கிடந்த நோட்டை எடுத்துப் படித்தேன். து. சுமதி, எட்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தது.

"யாரோட நோட்டு இது?" என்றேன்.

"என்னுதுதான் நைனா."

"சுமதின்னு போட்டிருக்குது."

"நீ எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள அட்டைய மாத்திடுவேன் எப்பவும். இன்னிக்குன்னு மறந்துட்டேன்."

"உங்க கிளாஸ்ல வேற சுமதி இல்லியா?"

"மூணு பேர் இருக்காங்க."

"அப்ப நாலாவதா நீ எதுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தவுடுன்னு யாராவது கூப்பிட்டா ரோட்டுல போற மாடுகூட திரும்பிப் பாக்குது நைனா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் எழுதி அனுப்புகிறார்களாம். அந்த லிஸ்டில் இருப்பதுதான் சர்டிபிகேட்டில் வருமாம். அப்புறம் மாற்ற முடியாதென்று கமலாம்பாள் டீச்சர் சொன்னாராம். தகப்பன் கையெழுத்துப் போடவேண்டிய தாளை எடுத்து நீட்டினாள்.

"தவுட்டம்மான்னு எழுதினா நான் பரீட்சைக்கே போவல. சாகற வரைக்கும் அந்தப் பேரோட..."

வாசலில் விறகோடு வந்த குஞ்சம்மா கட்டை அப்படியே போட்டாள். "உன் வாயில அந்த வார்த்தை வேணாம். மீக்காம இந்த ஊட்ல நல்ல பேர் பேசக்கூடாது."

"மத்தவங்க எல்லாம் நல்ல பேரோட உசுரோடதானே இருக்காங்க?" என்றாள் பெண்.

"மத்தவ எவளும் ரெண்டை வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கல." குஞ்சம்மா என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே போ. போய் மீட்டுனு வந்து, அப்புறம் எந்தப் பேரை வேணா எழுது. மீக்கலைன்னா தவுட்டம்மாதான். பரீட்சை இல்லாட்டி போவுது, புள்ள இருந்தா போதும்."

கூரையிலிருந்து முடிச்சை அவிழ்த்து இறக்கி என் கையில் வைத்தாள். "பிரிக்காத. கட்டின மாதிரியே அந்தம்மா கையில குடு."

மறுநாள் காலையில் மண்டியில் பாதி நாள் லீவு கேட்டேன். கணக்கு எழுதுகிற தர்மதாஸ் ஐயாவும் சமணர்தான். காரணம் கேட்டார். பெயர் வைக்கவேண்டும் என்றேன்.

"பதிமூணு வயசுப் பொண்ணுக்கா? இன்னா பேரு?"

"சுமதின்னு ஆசைப்படுதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீயுமா? நம்ம வண்டிக்காரன் பேத்தி சுமதி. எதிர்க்கடைல போன மாசம் பொறந்தது சுமதி. ஆஸ்பத்திரில பேர் சொல்லத் தெரியாதவங்களுக்கு நர்ஸம்மாவே சுமதின்னு எழுதிடறாங்களாம். இன்னும் பத்து வருஷத்துல சுமதின்னு ஒரு குரல் குடுத்தா தெருவே எழுந்து வரும் பாரு."

"எங்கிருந்துங்க கிளம்புச்சு இந்தப் பேரு?"

"பத்திரிகைக் கதைல பாரு, படிச்ச பொண்ணா இருந்தா சுமதி, டீச்சரா இருந்தா சுமதி. அதைப் படிச்சுட்டு வெக்கறாங்க. ஆனா பேரு புதுசில்ல. நல்ல புத்தின்னு அர்த்தம். எங்க தீர்த்தங்கரர் இருபத்துநாலு பேர்ல அஞ்சாவது சுமதிநாதர். நாங்க எந்தக் காலத்துலேர்ந்தோ கும்பிடற பேரு. உங்களுக்கெல்லாம் இப்பதான் பேஷனாச்சு."

"அப்ப அது ஆம்பளைப் பேருங்களா?"

"நல்ல புத்தின்னு சொல்லிட்டேனே. அது பொம்பளைகிட்டதான் அதிகம் இருக்குதுன்னு ஊரே முடிவு பண்ணிட்டாப்பல இருக்குது" என்றார்.

ரைஸ்மில்லில் மூணு படி தவிடு வாங்கிப் பையில் கட்டிக்கொண்டேன். சட்டைப் பையில் ஒரு ரூபாயும் இருபத்தைந்து காசும் தனியாக வைத்தேன். அணா போய் நயா பைசா வந்தாலும் நாலணாவுக்கு இருபத்தைந்து காசு கணக்கு சரியாக வருகிறது. பஸ்ஸில் முடிச்சைப் பிரித்து, ஓட்டாஞ்சில்லை எறிந்துவிட்டுக் காசை வைத்து முடிந்துவிடலாமென்று திட்டம். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பக்கத்தில் நின்றவன் எனக்குத் தெரிந்த ஆள், வல்லம் போகிறவன். மூட்டை என்ன, முடிச்சு என்ன என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். சரி, இறங்கினதும் அந்த அம்மா வீட்டுக்கு முன்னால் எங்காவது ஒதுங்கிச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பஸ் வழியில் ஒரு இடத்தில் சேற்றில் மாட்டி, நான் தொண்டூரில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ராஜமதி அம்மா சமணர் வழக்கப்படி பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வாசலுக்கு வந்தவர் நான் தெரு திரும்பும்போதே பார்த்துவிட்டார். ஒதுங்க வழியில்லாமல் போய்விட்டது.

"இன்னா துரைக்கண்ணு, ஊரெல்லாம் சேறு. இதுல எங்க வந்த?"

"கடன் குடுக்க வந்தேம்மா."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கேவா?" என்றார்.

பரீட்சை லிஸ்டு விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்துவந்து, தவிட்டைக் கொட்டச் சொன்னார். மிச்சமிருந்த வெளிச்சத்தில் முறத்தைச் சாய்த்துப் பார்த்தார். தவிடு நகர்ந்தது. மழை நாளில் மில்லில் எத்தனை நாள் கிடந்த தவிடோ. நான் அவசரத்தில் பார்க்காமல் வாங்கிவிட்டேன். அவ்வளவும் வண்டு.

"உசுரு இருக்குது துரைக்கண்ணு."

"சலிச்சுக்கலாம்மா."

"சலிச்சு எங்க போடறது? மாட்டுக்கு வெக்க முடியாது, வெயில்ல காயப் போட முடியாது. அத்தனையும் செத்துப் போயிடும். நான் இதைக் கையால வாங்க மாட்டேன்." முறத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்களுக்கு இப்ப பத்து நாள் ஒருவேளை நோன்பு வேற நடக்குது. இந்த நாள்ல நான் குடுக்கல் வாங்கல் வெச்சுக்கறதில்ல. முடியட்டும். நல்ல தவிடாப் பாத்துக் கொண்டா. பதிமூணு வருஷம் இருந்தாச்சு, பத்து நாள் பொறுக்கக் கூடாதா?"

படிக்குக் கீழே ஈரத்திலேயே குந்தினேன்.

"ஒரு நாள்கூட ஆவாதும்மா" என்றேன். "லிஸ்டுக்காக மட்டும் சொல்லல. நாலு வருஷம் முந்தி அதுக்கு டைபாய்டு வந்துது. ஆஸ்பத்திரில உன் பொண்ணான்னு கேட்டாங்க. குஞ்சம்மா இல்லீங்க, பக்கத்து ஊட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டா. என் பொண்ணுன்னு சொன்னா அவன் காதுல விழுந்துடுமாம். பத்து நாள் பக்கத்து ஊட்டுக்காரி மாதிரியே அது தலைமாட்டுல உக்காந்திருந்தா. இனிமே முடியாதும்மா. எனக்கு வயசாவுது. மூட்டை தூக்கி முதுகு போச்சு. எம் பொண்ணுன்னு சொல்லிட்டு ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும்."

அவர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இன்னா பேர் எழுதப் போற?"

"சுமதின்னு கேக்குதும்மா."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"கேக்குதா? அது பேரே அதுதானே துரைக்கண்ணு."

எனக்கு விளங்கவில்லை.

"வாங்கினவ நான்தானே. என் பொருளுக்கு நான் பேர் வெக்காம இருப்பேனா? அன்னிக்கு நீங்க தவிட்டை மூட்டை கட்டினு இருந்தீங்களே, அப்பவே முறத்துல கெடந்ததுக்கு மூணு தரம் காதுல சொல்லிட்டேன். எங்க சாமி பேரு. வெள்ளிக்கிழமை செஞ்சி சந்தைக்கு வந்தா பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லிதான் கூப்பிடுவேன். நோன்பு, அதனால இந்த வாரம் வரல. உங்க அம்மாகிட்ட சொல்லாதடி, பயந்துடுவான்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதிமூணு வருஷம். டைபாய்டு வந்தபோதும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. கிணற்றங்கரையில் வழுக்கி விழுந்தபோதும் இருந்திருக்கிறது. நாங்கள் தவுடு, தவுடு என்று கூப்பிட்டு ஒளித்து வைத்த பிள்ளை நல்ல பெயரோடுதான் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒருத்தனும் வந்து கொண்டுபோகவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. எத்தனையோ மூட்டை இறக்கியிருக்கிறேன், அப்படி ஒன்றை இறக்கினதில்லை.

"அந்தப் பேருக்கு ஒரு கதை இருக்குது" என்றார். "வடக்கேர்ந்து யாத்திரை வந்த ஒரு அம்மா சொன்னது. சுமதிநாதர் தாய் வயித்துல இருக்கும்போது ரெண்டு பொம்பளைங்க ஒரு புள்ளைய இழுத்துனு ராணிகிட்ட வந்தாங்களாம். ஒரே புருஷன், அவன் செத்துட்டான். ரெண்டு பேரும் எம் புள்ளை எம் புள்ளைன்றாங்க. ராணி சொன்னாளாம், என் வயித்துல இருக்கறது பொறந்து தீர்ப்பு சொல்லட்டும், அது வரைக்கும் புள்ளை இங்க இருக்கட்டும், பொறுங்கன்னு. ஒருத்தி சரின்னுட்டா. இன்னொருத்தி, அவ்வளவு நாள் என்னால ஆவாதுன்னு அழுதாளாம். அவதான் பெத்தவன்னு ராணி..."

அங்கே நிறுத்திவிட்டார்.

"பத்து நாள் பொறுன்னு நான்தானே சொன்னேன்" என்றார். "காரணம் நோன்பும் இல்ல, வண்டும் இல்ல துரைக்கண்ணு. குடுத்துட்டா அப்புறம் பள்ளிக்கூடத்து வாசல்ல எந்த உரிமைல நிக்கறதுன்னு இருந்துது. குடு, காசைக் குடு."

கையை நீட்டினார். நான் முடிச்சை எடுத்தேன். "அம்மா, அதுல ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதற்குள் வாங்கிப் பிரித்துவிட்டார்.

உள்ளே ஒரு ரூபாய்க் காசு ஒன்றும் பழைய நாலணாக் காசு ஒன்றும் இருந்தன.

"சரியா இருக்குது" என்றார்.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். நான் கொண்டுவந்த காசு பையிலேயே இருந்தது.

"பொண்ணோட சாமான் ஏதாவது வெச்சிருக்கியா?" என்றார். தாளில் பெயரை எழுதும்போது எழுத்துத் தப்பிவிடக் கூடாதென்று அவள் நோட்டைச் சட்டைக்குள் செருகி எடுத்து வந்திருந்தேன். கொடுத்தேன். அவர் தவிட்டை ஒரு உயிரும் நசுங்காமல் பைக்குள் சரித்துவிட்டு, வெறும் முறத்தில் நோட்டை வைத்து, எழுந்து நின்று ரெண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"வாங்கிக்கோ. உன் பொண்ணு."

வாங்கிக்கொண்டேன். "தவிடு பாக்கி நிக்குதேம்மா?" என்றேன்.

"வேலி ஓரமா நிழல்ல கொட்டிட்டுப் போ. அது பாட்டுக்கு இருக்கட்டும். மூணு படியும் கணக்குலேர்ந்து தள்ளியாச்சு." கொஞ்சம் தயங்கினார். "சந்தைக்கு வந்தா கூப்பிடலாமில்ல?"

"பேர் வெச்சவங்க கூப்பிடாம வேற யாரும்மா கூப்பிடறது?"

கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். குஞ்சம்மா வாசலிலேயே நின்றாள். "வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

"முடிச்சைப் பிரிச்சாங்களா?"

"பிரிச்சாங்க."

"உள்ள இன்னா இருந்துது?" முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்ப மாத்தின?" என்றேன்.

"செஞ்சிக்கு வந்த வருஷம் எலி கடிச்சுக் கீழ தள்ளிடுச்சு. ஓட்டாஞ்சில்லு உருண்டு ஓடுச்சு. களை வெட்டின காசுல போட்டு முடிஞ்சு வெச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

"டீ குடிச்சேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அந்த அம்மா காதில் சொன்ன பெயரைப் பற்றிச் சொன்னேன். குஞ்சம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பதிமூணு வருஷத்தையும் என்னைப்போலவே எண்ணிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு எழுந்து தெருவாசலுக்குப் போய், ஜென்மத்தில் முதல் தடவையாக, "சுமதீ" என்று குரல் கொடுத்தாள். எதிர் வீட்டிலிருந்து ஒன்று "இன்னா" என்றது. கோடி வீட்டிலிருந்து ஒன்று "வரேன்" என்றது. மூணாவதாக எங்கள் வீட்டுப் பின்னாலிருந்து, தண்ணீர்க் குடத்தோடு, எங்களுடையது ஓடி வந்தது.

"யாரைக் கூப்பிட்ட?" என்று கேட்டாள் அவள்.

"உன்னைத்தான்" என்றாள் குஞ்சம்மா. "எம் பொண்ணை."

சனிக்கிழமை நானும் குஞ்சம்மாவுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் எழுதிய தாளைக் கமலாம்பாள் டீச்சர் வாங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னொரு சுமதியா? மூணை வெச்சுகினே நான் படற பாடு போதாதா? சரி, நாலாவதுன்னு போடறேன்."

"வயசுல இது மூத்தது டீச்சர்" என்றேன். "பன்னண்டாம் நாளே வெச்சாச்சு. எங்களுக்குத்தான் தெரியல."

அவர் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். தகப்பன் பெயர் என்று இருந்த இடத்தில் து, ரை என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்தேன். குஞ்சம்மா பக்கத்தில் நின்று மை காய்கிற வரைக்கும் பார்த்தாள்.

வெளியே வந்தபோது சட்டைப் பையில் அந்த ஒரு ரூபாயும் இருபத்தைந்து காசும் அப்படியே இருந்தன. யாருக்கும் தரவேண்டியதில்லாத காசு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் ரெண்டு டீ சொன்னேன், இந்தத் தடவை குஞ்சம்மாவுக்கும் சேர்த்து.